பெரியம்மா கொடுத்தனுப்பிய குழம்பு

இலுப்பூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து புதுக்கோட்டைக்குக் குடிவந்தபோது கட்டில், பீரோ, கிரைண்டர், தையல் மிஷின் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்தோம். மாட்டை மட்டும் விட்டுவிட்டு வந்தோம். வாடகைக்குப் பிடித்தது மாடி வீடு. மாட்டை எங்கே கட்டுவது? அது இல்லாததால் என்ன வரும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

ஊரில் பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் இருந்தோம். பெரியப்பா ஒரு மினி லாரி வைத்திருந்தார். ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஐஸ் போட்ட மீனை ஏற்றிக்கொண்டு இலுப்பூருக்கும் விராலிமலைக்கும் கொண்டுபோவார். லாரியில் கூட வருகிறவர்கள், மீன் வாங்க வருகிறவர்கள் என்று யார் எப்போது வந்து இலை முன்னால் உட்காருவார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் பெரியம்மாவும் அம்மாவும் எப்போதும் கூடுதலாகவே சமைப்பார்கள். மிஞ்சுவது கழனித்தொட்டிக்குப் போகும், அங்கிருந்து மாட்டுக்குப் போகும். நேற்று வைத்த அவரைக்காயா என்று மாடு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆகவே எங்கள் வீட்டில் ஒரு பருக்கைகூட வீணாகாது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அம்மா அதைப் பிறத்தியாரிடம் பெருமையாகவும் சொல்லிக்கொள்வாள்.

அப்பாவுக்குப் புதுக்கோட்டை பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. ஊரிலிருந்துதான் போய்வந்துகொண்டிருந்தார். என்னை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றதால் குடிபெயர்ந்தோம். பெரியம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை. சண்டை என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது மட்டும் பெரியம்மா வாசலில் நின்றுகொண்டு, "தனியா ஒலை வச்சுப் பாரு, அப்பத் தெரியும் அளவு" என்றார். அரிசியின் அளவைத்தான் சொன்னாரோ, வேறு எதையும் சேர்த்துச் சொன்னாரோ. அம்மா எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டாள்.

புது வீட்டில் நாங்கள் மூன்றே பேர். அம்மாவின் கைக்கு அது தெரியவில்லை. அரிசி டப்பாவுக்குள் போன கை பழைய அளவையே அள்ளிக்கொண்டு வந்தது. குறைத்துப் போட்டால் மனசு கேட்காது, மறுபடி ஒரு பிடி போடுவாள். "யாராச்சும் வந்துட்டா?" என்பாள். டவுனில் யாரும் சொல்லாமல் வந்து சாப்பாட்டுக்கு உட்காருவதில்லை. அப்பா மதியத்துக்கு டிபன் கேரியர் கொண்டுபோய்விடுவார். நான் கோழிபோலக் கொறிக்கிற பிள்ளை. தினமும் இரவில் சோறும் குழம்பும் கூட்டும் பாத்திரம் பாத்திரமாக நின்றன.

முதலில் அதையெல்லாம் தெருக்கோடியில் கொண்டுபோய்க் கொட்டினாள். நாய்கள் சேர்ந்தன. கீழ்வீட்டுக்காரம்மா ஒருநாள் படியேறி வந்து, "இம்புட்டையும் கொட்டுறீங்களே, அளந்து ஆக்கக்கூடாதா?" என்று கேட்டுவிட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அளவு என்ற பேச்சை வேறு ஒருவர் வாயிலிருந்தும் கேட்க நேர்ந்தது அம்மாவுக்குத் தாங்கவில்லை. அன்று மாலை அப்பா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், வீட்டுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

ஃப்ரிட்ஜ் வந்தது. அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதையும் கொட்டுவதே இல்லை என்று ஆயிற்று. மிஞ்சியதெல்லாம் டப்பாவில் போய், மூடி போட்டுக்கொண்டு, உள்ளே உட்கார்ந்தது. உள்ளே வைக்கும்போது "நாளைக்கு ஆகும்" என்பாள். மறுநாள் புதிதாகச் சமைப்பாள். நேற்றையதைப் பிள்ளைக்குக் கொடுக்க மனசு வராது. புருஷனுக்கு வைத்தால் மரியாதை இல்லை. தான் ஒருத்தியே எவ்வளவு சாப்பிடுவாள்? முன்வரிசையில் இருந்த டப்பா புதிய டப்பாவுக்கு இடம் விட்டுப் பின்னால் போகும். அப்புறம் இன்னும் பின்னால் போகும். பிறகு ஒருநாள் எதையோ தேடும்போது கையில் அகப்படும். திறந்து முகர்ந்துவிட்டு, "அய்யய்யோ, கெட்டுப்போச்சே" என்று அம்மா ஒவ்வொரு முறையும் உண்மையாகவே வருத்தப்படுவாள். நல்ல சோற்றைக் கொட்டினால் பாவம். தானாகக் கெட்டுப்போனதற்கு யார் என்ன செய்ய முடியும்?

இந்த நிலையில்தான் பெரியம்மாவின் குழம்பு வரத் தொடங்கியது.

பெரியப்பா லோடு இறக்கும்போது நல்ல மீனாக ஒதுக்கி வீட்டுக்குக் கொண்டுவருவார். பெரியம்மா அதைக் குழம்பு வைத்து, எவர்சில்வர் தூக்குவாளியில் ஊற்றி, துணியால் இறுகக் கட்டி, இலுப்பூரில் பஸ் ஏற்றிவிடுவார். அப்பாவுக்குத் தெரிந்த கண்டக்டர்கள் உண்டு. தூக்குவாளி டிப்போவில் இறங்கும். பெரியம்மா ஏன் கொடுத்தனுப்பினார் என்று எனக்குத் தெரியாது. தனக்குத் தெரியும் என்று அம்மா நினைத்தாள். "நமக்குக் கொழம்பு வைக்கத் தெரியாதுன்னு அனுப்புறாங்க" என்றாள்.

முதல் தடவை வந்தபோது அப்பா ஒரு தவறு செய்தார். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவாமல் தட்டை விரலால் வழித்துக்கொண்டே, "அண்ணி கொழம்பு அண்ணி கொழம்புதான்" என்றார். அடுத்த முறை தூக்குவாளி வந்த அன்று அம்மா கீரை, உருளைக்கிழங்கு வறுவல், முட்டை, ரசம் எல்லாம் செய்து அப்பாவின் தட்டில் குழம்புக்கு இடமில்லாமல் ஆக்கிவிட்டாள். தூக்குவாளி ஃப்ரிட்ஜுக்குள் போனது. அப்பா கேட்கவில்லை. மனிதர் அதற்குள் தேறியிருந்தார்.

அந்தக் குழம்பைச் சாப்பிடவும் அம்மாவுக்கு மனசில்லை, கொட்டவும் மனசில்லை. பிறத்தியார் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, பதிலுக்கு ஏதாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். பெரியம்மாவின் மீன் குழம்புக்கு ஈடாக எதைப் போடுவது? அதிரசமா, முறுக்கா, ஆட்டுக்கறியா? குறைவாகத் தெரிந்துவிடக் கூடாது. இதை அம்மாவால் முடிவு செய்ய முடியவில்லை. முடிவாகிற வரைக்கும் தூக்குவாளி உள்ளேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அது மெல்ல மெல்லப் பின்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு சனிக்கிழமை, எனக்குப் பள்ளி விடுமுறை. காலையிலிருந்தே கரண்ட் இல்லை. அந்த வாரம் முழுவதும் இப்படித்தான் போவதும் வருவதுமாக இருந்தது. மதியம் சாப்பிடும் நேரத்தில் படியில் யாரோ மூச்சிரைக்க ஏறி வருகிற சத்தம் கேட்டது. பெரியம்மா. ஒரு கையில் ஜவுளிக்கடைப் பை, மறு கையில் முருங்கைக்காய்க் கட்டு, தோளில் தொங்கிய கூடையில் பால் பாட்டில்.

"வாங்கக்கா, வாங்க. இந்த வெயில்ல வாரீங்க. ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்றாள் அம்மா.

"ஜவுளி எடுக்க வந்தேன். புள்ளயப் பாத்துட்டுப் போவமேன்னு இங்கிட்டு வந்துட்டேன்" என்று பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ளினார்.

அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இத்தனை நாள் சமைத்த கூடுதல் சோற்றுக்குக் கடைசியில் ஓர் ஆள் வந்துவிட்டார். சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், கூட்டு, அப்பளம் என்று அடுப்படியிலிருந்தே அடுக்கத் தொடங்கினாள். பெரியம்மா சும்மா உட்காருகிறவர் அல்ல. "பால் திரிஞ்சுரும், உள்ள வைக்கிறேன்" என்று ஃப்ரிட்ஜை நோக்கிப் போனார். எங்கள் குடும்பத்தில் அடுத்தவர் வீட்டு அடுப்படியில் நுழைய யாரும் அனுமதி கேட்பதில்லை.

"நீங்க உக்காருங்கக்கா, நான் வைக்கிறேன்" என்று அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

பால் பாட்டிலுக்கு இடம் வேண்டுமே. பெரியம்மா ஒவ்வொரு டப்பாவாக ஒதுக்கினார். கடைசியில் அவருடைய சொந்தத் தூக்குவாளி வெளியே வந்தது. மூடியின் மேல் பெரியப்பாவின் பெயர் பொறித்திருந்தது, ஆகவே வேறு யாருடையது என்றும் சொல்வதற்கில்லை. பெரியம்மா மூடியைத் திறந்தார். எண்ணெய் மேலே ஏடு கட்டி, ஒரு கரண்டிகூட உள்ளே போகாமல், குழம்பு விளிம்புவரை அப்படியே இருந்தது.

"இது நம்ம தூக்குவாளில்ல?"

"ஆமாக்கா." அம்மாவின் குரல் மாறியிருந்தது. "ஒங்க கொழம்ப ஒரேயடியாத் தீத்துற மனசு வரல. வச்சு வச்சுச் சாப்பிடுறேன்."

பெரியம்மா தூக்குவாளிக்குள் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"அப்ப இன்னைக்கும் சாப்பிட வேண்டியதுதான்" என்றார். "சுட வை."

அம்மா சுட வைத்தாள். வெகுநேரம் கொதிக்கவிட்டாள். கொஞ்சம் புளித்தண்ணீர் ஊற்றினாள், வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினாள். கானாங்கெளுத்தி மீன் வாசனை வந்தது. அதோடு, காயாத துணியை மடித்து வைத்த மாதிரி வேறொரு வாசனையும் வந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசாததால் எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். பெரியம்மாவுக்குச் சாம்பார். அம்மா தன் தட்டில் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டாள். பெரியம்மா சாப்பிடாமல் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முதல் கவளத்தை வாயில் வைத்து, மென்று, விழுங்கினாள்.

"எப்பவும் போல நல்லாருக்குக்கா" என்றாள்.

இரண்டாவது கவளத்தையும் விழுங்கினாள். அவள் நெற்றியில் வேர்த்திருந்தது. அப்போது பெரியம்மா சாம்பார்ச் சோற்றை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டுத் தட்டை முன்னால் நீட்டினார்.

"எனக்கும் ஊத்து."

"ஒங்களுக்கு எதுக்குக்கா? நீங்க தெனமும் சாப்பிடுறதுதானே."

"ஏன், நான் வச்ச கொழம்ப நான் திங்கக் கூடாதா? ஊத்துத்தா."

அம்மா கரண்டியைக் குழம்புக்குள் விட்டு அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மேலாகக் கொஞ்சம் ஊற்றினாள். "மீனும் போடு" என்றார் பெரியம்மா. அம்மா ஒரு சின்னத் துண்டாகத் தேடிப் போட்டாள். பெரியம்மா பிசைந்து சாப்பிட்டார்.

எனக்குப் பெரியம்மாவின் குழம்பு உயிர். "எனக்கும்" என்று தட்டைத் தள்ளினேன். இரண்டு பேருடைய கையும் ஒரே நேரத்தில் என் தட்டின் மேல் வந்து மறைத்தன.

"காரம்" என்றாள் அம்மா.

"முள்ளு" என்றார் பெரியம்மா.

பிறந்ததிலிருந்து மீன் லாரி வீட்டில் வளர்ந்த பிள்ளையிடம் சொல்கிற பேச்சா இது? பெரியவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு நல்லதைத் தாங்களே சாப்பிடுகிறார்கள் என்று எனக்கு அழுகை வந்தது. மோர்ச் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டேன். திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் இருவரும் குனிந்து, வாய் பேசாமல், கடமைபோலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் நிறுத்தியிருந்தால் மற்றவரும் நிறுத்தியிருக்கலாம். யாரும் நிறுத்தவில்லை.

பெரியம்மா நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்புவதாகச் சொல்லியிருந்தார். அந்த பஸ்ஸை விட்டுவிட்டார். "அடுத்ததுல போறேன்" என்றார், அதையும் விட்டுவிட்டார். கரண்ட் வந்திருந்தது. அவர் டிவி பார்க்கத்தான் இருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் டிவியைப் பார்க்கவில்லை. அம்மாவை அடிக்கொருதரம் பார்த்து, "ஒனக்கு ஒண்ணும் செய்யலயே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கென்ன செய்யும்? ஒங்களுக்கு?" என்று அம்மா திருப்பிக் கேட்டாள். "எனக்கென்ன?" என்றார் பெரியம்மா.

விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா பாத்ரூமுக்கு ஓடினாள். தலையைப் பிடித்துக்கொள்ளப் பின்னாலேயே போன பெரியம்மாவும் அங்கேயே வாசலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேருக்கும் முகம் செக்கச்செவேலென்று சிவந்து, வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் போனது. நான் கீழ்வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட ஓடினேன். இரண்டு பேரும் செத்துப்போய்விடுவார்கள் என்று நினைத்தேன். கீழ்வீட்டுக்காரம்மாதான் அப்பாவுக்குப் போன் செய்தார். அப்பா கிரீஸ் கையோடு வந்து இருவரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றினார். ஆட்டோவில் பெரியம்மா அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தார். அம்மா அவர் கையை இறுகப் பிடித்திருந்தாள். ஊரைவிட்டு வந்தபிறகு அவர்கள் அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இருவருக்கும் குளுக்கோஸ் ஏறியது. நர்சம்மா அட்டையோடு வந்து, "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா கூரையைப் பார்த்தார்.

"பஸ் ஸ்டாண்டுல மோர் குடிச்சோம்" என்றார் பெரியம்மா.

"ஆமா, மோர்" என்றாள் அம்மா. அவள் அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டுப் பக்கமே போகவில்லை.

"இல்ல, மீன் கொழம்பு" என்றேன் நான்.

"நீ சும்மா இரு" என்று இரண்டு கட்டிலிலிருந்தும் ஒரே சத்தம் வந்தது. நர்சம்மா என்னைப் பார்த்தார், பிறகு அவர்களைப் பார்த்தார். எதை எழுதிக்கொண்டார் என்று தெரியவில்லை.

சேதி கேட்டுப் பெரியப்பா லாரியிலேயே வந்து சேர்ந்தார். விஷயம் மோர் என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் பொங்கியது. "எவன் அவன்? வாடா, போய்க் கேப்போம்" என்று அப்பாவை அழைத்தார். நாங்கள் குடிபெயர்ந்ததிலிருந்து அண்ணனும் தம்பியும் தேவைக்கு மேல் பேசிக்கொள்வதில்லை. இப்போது தோளோடு தோளாகக் கிளம்பிவிட்டார்கள். பெரியம்மா பதறிப்போய், "விடுங்க, பாவம், அந்த ஆளு வயசானவரு" என்று இல்லாத மோர்க்காரருக்கு வயதுவரை கொடுத்துப் பார்த்தார். அவர்கள் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். மோர்க்காரன் கடையை மூடிவிட்டு ஓடிவிட்டானாம். இருவர் மேலும் பரோட்டாக் கடை வாசனை அடித்தது.

மறுநாள் மதியம் இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரியம்மா ஊருக்குப் போகவில்லை. கஞ்சி வைத்தார். இரண்டு பேரும் குடித்தார்கள். பிறகு பெரியம்மா எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து, ஒவ்வொரு டப்பாவாக எடுத்துத் தரையில் வைத்தார். அம்மா தடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இது என்னாத்தா?"

"பூசணிக் கூட்டு. அவங்களுக்குப் பிடிக்குமேன்னு செஞ்சேன். அன்னைக்கு டிப்போவுலயே சாப்பிட்டு வந்துட்டாங்க."

"இது?"

"இவ சப்பாத்தி கேட்டா. செஞ்சப்பறம் வேணான்னுட்டா."

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. அம்மா சொல்லச் சொல்லப் பெரியம்மா வாளியில் கவிழ்த்துக்கொண்டே வந்தார். வாளி நிரம்பியது. அம்மா வாளியைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "நீங்க சொன்ன மாதிரியே ஆச்சுக்கா. அளவு தெரியாதவளாப் போனேன்" என்றாள்.

பெரியம்மா கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார்.

"எனக்கு மட்டும் தெரியுதாக்கும்? நீங்க மூணு பேரு போனீங்க. கை இன்னும் அந்த மூணு பேருக்கும் சேத்துத்தான் அள்ளுது. அம்புட்டையும் மாடு திங்குது, வெளிய தெரியல. நீ வந்து பாரு, கொட்டாய்க்குள்ள திரும்ப முடியாமப் பெருத்துப்போய் நிக்கிது."

அம்மா முந்தானைக்குள்ளேயே சிரித்தாள். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள். வயிறு வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்கள். எனக்கு எதில் சிரிப்பு என்று புரியவில்லை. மாடு பெருத்தது சந்தோஷமான சேதிதான் என்று நானும் சிரித்து வைத்தேன்.

சாயங்காலம் பெரியம்மா கிளம்பும்போது அம்மா தூக்குவாளியில் போட எதையோ தேடி அலமாரியை உருட்டினாள். பெரியம்மா தூக்குவாளியை அவள் கையிலிருந்து பிடுங்கி, "வெறும் வாளியாவே குடு, ஒண்ணும் ஆயிராது" என்று கூடைக்குள் போட்டுக்கொண்டார்.

அம்மாவின் சமையல் அளவு அதன் பிறகு பெரிதாகக் குறைந்துவிடவில்லை. இன்றைக்கும் அவள் வீட்டுக்குப் போனால் ஃப்ரிட்ஜில் நாலைந்து டப்பாவாவது நிற்கும். பெரியம்மாவின் குழம்பு மட்டும் வந்த அன்றே தீர்ந்தது.

அன்று பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்பப் போனபோது நான் பெரியம்மாவிடம் தனியாகக் கேட்டேன், கெட்டுப்போன குழம்பை ஏன் சாப்பிட்டீர்கள் என்று. "கெட்டுப்போச்சுன்னு ஒங்கம்மா சொல்லலயே" என்றார். வீட்டுக்குத் திரும்பி அம்மாவிடம் கேட்டேன். "அவங்க சொல்லுவாங்கன்னு பாத்தேன்" என்றாள்.

எனக்கு வாசனை தெரிந்தது, அவர்கள் இருவருக்கும் தெரியவில்லை. அப்படித்தான் நான் விளங்கிக்கொண்டேன். வயதானால் கண் மங்குவதுபோல மூக்கும் மங்கிவிடும் போலிருக்கிறது. எனக்கு அம்மாவை நினைத்துக் கவலையாக இருந்தது. கொஞ்ச காலத்துக்கு, அவள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் நான் முந்திக்கொண்டு ஓடிப்போய்ச் சட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தாம்மா இருக்கு, நீ பயப்படாமச் சாப்பிடு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.